மெழுகில் முடியும் வேலை

கலைஞன் ஜடப்பொருளுக்கு உயிர் ஊட்டுகிறான் என்று சொல்வது கலை விமர்சனத்தில் நெடுநாளாகப் புழங்கிவரும் வழக்கம். கல்லும் மண்ணும் உலோகமும் தம்மளவில் எதையும் சொல்லாதவை, கலைஞனின் மனத்தில் முன்னரே முழுமையடைந்துவிட்ட ஓர் எண்ணம் அவற்றின்மேல் பதிக்கப்பட்ட பிறகே அவை பேசத் தொடங்குகின்றன என்ற நம்பிக்கை அந்தச் சொல்லின் அடியில் இருக்கிறது. சோழர் காலச் செப்புத் திருமேனிகள் உருவான முறையை நிதானமாகத் தொடர்ந்து பார்ப்பவர்களால் இந்த நம்பிக்கையோடு நெடுந்தூரம் போக முடியாது. அங்கே சிற்பியின் விரல்கள் படுவது மெழுகின்மீது. அந்த மெழுகோ உருகி முற்றாக வெளியேறிவிடுகிறது. எஞ்சி நிற்பது உலோகம். அது உருவம் கொள்ளும் நேரத்தில் சிற்பியின் கை அதைத் தொட முடியாது, கண்ணும் அதைக் காண முடியாது, ஏனென்றால் எல்லாம் மூடிய மண் அச்சுக்குள் நிகழ்கிறது. ஆயிரம் ஆண்டுகளாகப் பார்ப்பவரை நிறுத்திவைக்கும் அமைதியும் அசைவும் எந்தக் கட்டத்தில், எந்தப் பொருளின் வழியாக அந்த உருவத்துக்குள் வந்தன என்று கேட்டால், மூலப்பொருளும் அர்த்தமும் உறவுகொள்ளும் விதம் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படுவதைவிடத் துல்லியமான விடை கிடைக்கும்.

உருவத்தை முதலில் மெழுகில் செய்து, அதன்மேல் மண் பூசி, சூடேற்றி மெழுகை வடித்துவிட்டு, அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றும் இம்முறையை வடமொழிச் சிற்ப நூல்கள் மதுச்சிஷ்ட விதானம் என்கின்றன. தேனை எடுத்தபின் எஞ்சும் மெழுகைக்கொண்டு செய்யும் முறை என்று அதற்குப் பொருள். இது தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. மொகஞ்சதாரோவில் கிடைத்த நடனப் பெண்ணின் சிற்றுருவம் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இவ்வாறு வார்க்கப்பட்டது. மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் அரசிலும் மறுமலர்ச்சிக் கால இத்தாலியிலும் இதில் கைதேர்ந்தவர்கள் இருந்தார்கள். சோழநாட்டுச் சிற்பிகளைத் தனித்துக் காட்டுவது அவர்கள் பெரும்பாலும் கனவார்ப்பை மேற்கொண்டார்கள் என்பதே. நடுவில் மண்ணாலான கருவை வைத்து, அதன்மேல் மெல்லிய மெழுகுப் போர்வை போர்த்தி வார்ப்பது பொள்ளல் வார்ப்பு. அதில் உலோகச் செலவு குறைவு, எடையும் குறைவு. உள்ளும் புறமும் ஒரே உலோகத் திரளாக வார்ப்பது கனவார்ப்பு. அதற்குப் பொருட்செலவும் மிகுதி, வார்ப்பு கெட்டுப்போகும் ஆபத்தும் மிகுதி. எளிய வழியைத் தெரிந்திருந்தும் அரிய வழியை எடுத்துக்கொண்ட இந்தத் தேர்விலேயே ஒரு கலைக்கொள்கை அடங்கியிருக்கிறது.

இந்த மரபு இன்றும் தொடரும் இடமாக அறியப்படுவது கும்பகோணத்துக்கு அருகில் காவிரிக் கரையிலுள்ள சுவாமிமலை. அங்குள்ள ஸ்தபதிகள், அதாவது சிற்ப நூல்களின் இலக்கணம் கற்றுப் படிமம் செய்யும் மரபினர், வேலையைத் தொடங்குவது மெழுகிலும் அன்று, ஓலையில். செய்யவிருக்கும் திருமேனியின் உயரத்துக்குத் தென்னங்கீற்றிலிருந்து ஓர் ஓலையை நறுக்கி எடுத்து, அதை உரிய இடங்களில் மடித்து மடித்து முகம், கழுத்து, மார்பு, நாபி, முழங்கால் ஆகியவற்றின் எல்லைகளைக் குறிக்கிறார்கள். இதற்கு ஒடியோலை என்று பெயர். மடிப்புகளின் கணக்கைத் தருவது தாலம் எனப்படும் அளவுமுறை. சிவன், திருமால் போன்ற முதன்மைத் தெய்வங்களுக்கு உத்தம தசதாலம் என்ற அளவில் உடல் 124 பகுதிகளாகவும், தேவியருக்கு மத்திம தசதாலம் என்ற அளவில் 120 பகுதிகளாகவும் வகுக்கப்படுகிறது. இந்தப் பகுதிகள் அந்த உருவத்துக்கு மட்டுமே உரிய அங்குலங்கள். கடையில் விற்கும் அளவுகோலோடு அவற்றுக்குத் தொடர்பில்லை. ஒரு சாண் உயரமானாலும் ஓர் ஆள் உயரமானாலும் உறுப்புகளுக்கிடையிலான உறவு மாறாமல் இருப்பது இதனால்தான்.

ஓலைக்கும் முன்னதாக இருப்பது தியான சுலோகம். குறிப்பிட்ட தெய்வத்துக்கு எத்தனை கரங்கள், எந்தக் கரத்தில் என்ன, நிற்கும் நிலை எது, முகபாவம் எது என்று சொல்லும் சிறு பாடல் அது. சிற்பியும் பூசை செய்பவரும் அதையே மனத்தில் கொண்டுவருகிறார்கள். படிமம் செய்பவர் தியானத்தின் வழியாகவே அதன் உருவை அடையவேண்டும் என்று சுக்கிரநீதி என்ற வடமொழி நூல் வலியுறுத்துவதைக் கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசுவாமி தம் எழுத்துகளில் மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டினார். ஆயினும் தியான சுலோகத்தையும் தால அளவையும் வைத்துக்கொண்டு, அர்த்தம் முழுவதும் சிற்பிக்கு முன்கூட்டியே கொடுக்கப்பட்டுவிட்டது, அவர் செய்வது வெறும் நிறைவேற்றம் என்று முடிவுகட்டுவது பிழை. ஒரே சுலோகமும் ஒரே தாலமும் ஆயிரம் நடராசர்களைத் தந்திருக்கின்றன; அவற்றுள் சிலவற்றின் முன் நிற்பவர் நகர மனம் வராமல் நிற்கிறார், பலவற்றை ஒரு பார்வையோடு கடந்துவிடுகிறார். அந்த வேறுபாட்டைச் சுலோகம் விளக்காது, தாலமும் விளக்காது. அதைத் தேட வேண்டிய இடம் மெழுகு.

தேன்மெழுகோடு குங்கிலியத்தையும் எண்ணெயையும் சேர்த்துக் காய்ச்சி வடிகட்டினால் சிற்பிக்கு வேண்டிய பதம் கிடைக்கிறது. குங்கிலியம் கூடினால் மெழுகு விறைத்து நொறுங்கும். எண்ணெய் கூடினால் கை வைத்த இடமெல்லாம் குழையும். கோடையில் ஒரு விகிதம், மழைக்காலத்தில் ஒரு விகிதம். தேன்மெழுகு உருகுவது சுமார் 63 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில். உடலின் வெதுவெதுப்பே அதை இளக்கத் தொடங்கிவிடும். அதனால் சிற்பியின் உள்ளங்கை இங்கே ஒரு கருவியாகிறது. தலை, உடல், கைகால்கள் ஆகியவற்றைத் தனித்தனியே திரட்டி, காய்ச்சிய இரும்பால் ஒட்டி, மேலே நூல் போன்ற மெழுகிழைகளை இழைத்து ஆரமும் பூணூலும் ஆடைமடிப்பும் அமைக்கிறார்கள். சேர்க்கலாம், குறைக்கலாம், இடுப்பை ஒரு நெல்லளவு வளைத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப நிமிர்த்தலாம். கல்லில் உளி பட்ட இடம் பட்டதுதான். மெழுகு தயங்குவதற்கும் மனம் மாறுவதற்கும் இடம் தருகிறது. சோழ மகளிர் படிமங்களில் தோளிலிருந்து விரல்நுனி வரை தடையின்றி வழியும் கையைப் பார்க்கிறவர்கள் உலோகத்தில் இத்தனை மென்மையா என்று வியக்கிறார்கள். அந்த மென்மை உலோகத்துக்கு உரியதன்று. உடற்சூட்டில் இளகிய மெழுகுக்கு உரியது. உலோகம் அதைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது.

மெழுகுரு முடிந்ததும் அதை மண் ஏற்கவேண்டும். காவிரியின் நுண்ணிய வண்டல் மண்ணைக் குழைத்து முதல் பூச்சாக மெல்லப் பூசி நிழலில் உலர்த்துகிறார்கள். புருவத்தின் கீற்றும் நகத்தின் வளைவும் பதிவது இந்தப் பூச்சில்தான். அடுத்த பூச்சுகளில் வயற்களிமண்ணும் மணலும் சேர்ந்து பருமனும் வலிமையும் கூடுகின்றன. பெரிய படிமமானால் இரும்புக் கம்பிகளால் வரிந்து கட்டவும் செய்கிறார்கள். மெழுகு வெளியேறவும் உலோகம் உள்ளே போகவும் காற்று தப்பவும் வழிகள் முன்பே விடப்பட்டிருக்கும். பிறகு வறட்டி நெருப்பில் அச்சைச் சுட, மெழுகு உருகி வழிந்துவிடுகிறது. இந்தக் கட்டத்தில் சிற்பம் என்று சுட்டிக்காட்ட உலகில் எதுவும் இல்லை. மண்ணுக்குள் ஒரு வெறுமை இருக்கிறது. சிற்பியின் முடிவுகள் அனைத்தும் அந்த வெறுமையின் ஓரங்களாக மட்டுமே இருக்கின்றன. கலைப்படைப்பு ஒன்று தன் முதல் உடலை முழுவதும் இழந்து, இரண்டாவது உடலை இன்னும் பெறாமல், வெற்று வடிவமாகவே இருக்கும் இத்தகைய நிலை ஓவியத்திலோ கற்சிற்பத்திலோ கிடையாது.

உலோகத்தை ஐம்பொன் என்று வழங்குவது மரபு. உண்மையில் சோழர் காலப் படிமங்களின் உலோகத்தில் மிகப் பெரும் பங்கு செம்பு. வெள்ளீயமும் காரீயமும் சிறு அளவில் சேர்ந்திருக்கும். பொன்னும் வெள்ளியும் மங்கலம் கருதி இடப்படும் துளிகளே. தூய செம்பு உருக 1085 டிகிரி வெப்பம் வேண்டும். வெள்ளீயம் அந்த வெப்பத்தைக் குறைத்துக் கலவைக்கு உறுதி தருகிறது, காரீயம் அதை நீர்த்து ஓடச் செய்கிறது. எவ்வளவு உலோகம் வேண்டும் என்பதை மெழுகின் எடையே சொல்லிவிடும். மெழுகு தண்ணீரைவிடச் சற்று இலேசானது, செம்பு தண்ணீரைப்போல ஏறத்தாழ ஒன்பது மடங்கு கனமானது. ஆகவே மெழுகுருவை நிறுத்து அதைப் பெருக்கினால் கணக்கு கிடைக்கிறது. மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12-ஆம் நூற்றாண்டில் இயற்றிய மானசோல்லாசம் செம்புக்கும் வெள்ளிக்கும் பொன்னுக்கும் தனித்தனி மடங்குகளை வகுத்துவைத்திருக்கிறது. மூசையில், அதாவது உலோகம் உருக்கும் மண்கலத்தில், கொதித்துக் கிடக்கும் கலவையை, சூடு ஆறாத அச்சின் வாயில் இழை அறாமல் ஊற்றவேண்டும். நடுவில் நின்றால் உருவத்தில் பிளவு விழும். காற்று சிக்கினால் குழி விழும். கெட்டுப்போனால் திருத்த வழியில்லை, ஏனென்றால் மெழுகு போய்விட்டது. ஆறியபின் அச்சை உடைத்தே உருவத்தை எடுக்கவேண்டியிருப்பதால், வெற்றி பெற்றாலும் அதே அச்சில் இன்னொன்று வார்க்க இயலாது. ஒவ்வொரு திருமேனியும் ஒன்றே ஒன்று.

இப்படிச் செய்முறையை அடுக்கிப் பார்க்கும்போது ஓர் உண்மை தெளிவாகிறது. திருத்த இடம் தரும் பொருளில் எல்லா முடிவுகளையும் எடுத்துவிட்டு, திருத்த இடம் தராத பொருளிடம் அவற்றை ஒப்படைப்பதே இக்கலையின் ஒழுங்கு. இளகும் நிலையில் எவ்வளவு தூரம் சிந்தித்திருக்கிறாரோ அவ்வளவுதான் சிற்பிக்குக் கிடைக்கும். இந்த ஒப்படைப்பில் நெருப்பும் மண்ணும் ஏவலாட்களாக வரவில்லை. சிற்பியின் ஒவ்வொரு முடிவையும் அவை முன்கூட்டியே பாதிக்கின்றன. விரல்களுக்கிடையே எவ்வளவு இடைவெளி விட்டால் மண் உள்ளே புகும், எந்தத் தடிமனுக்குக் கீழே போனால் உலோகம் ஓடிச் சேராமல் உறைந்துவிடும், சடைக்கற்றை எங்கே தொட்டால் தாங்குதல் கிடைக்கும் என்ற கேள்விகளுக்கு விடை சொல்லிக்கொண்டேதான் அவர் அழகையும் தேடுகிறார். இரண்டையும் பிரித்து, இது தொழில்நுட்பம், இது கற்பனை என்று கோடு போடுவது வேலைசெய்யும் கைக்குத் தெரியாத ஒரு பாகுபாடு.

ஆனந்தத் தாண்டவ வடிவமே இதற்குச் சிறந்த சான்று. பத்தாம் நூற்றாண்டில் கண்டராதித்த சோழரின் தேவியான செம்பியன் மாதேவி, பல பழைய செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக மாற்றியபோது, ஆடவல்லானின் உருவத்தைச் சுவரிலுள்ள தேவகோட்டங்களிலும் இடம்பெறச் செய்தார். அங்கே நடராசர் கல்லில் புடைப்பாக நிற்கிறார். பின்னாலிருக்கும் சுவர் அவரைத் தாங்கிக்கொள்கிறது. நான்கு கரங்களும் தூக்கிய திருவடியும் வெளியில் நீள, பறக்கும் சடையோடு, முயலகன் என்ற குறளுருவின்மேல் ஊன்றிய ஒற்றைக் காலில் முழு உடலும் நிற்கும் உருவத்தைச் சுவரின் துணையின்றிக் கல்லில் வடித்தால் நீட்டிய உறுப்புகள் முறிந்துவிடும், ஏனென்றால் கல் அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. உலோகம் இரண்டையும் தாங்கும். எல்லாப் பக்கமும் வெட்டவெளி சூழ்ந்திருக்க, தானே தன் சமநிலையைக் காத்துக்கொண்டு ஆடும் இறைவன் என்ற தரிசனம் கனவார்ப்பு கைவந்தபின் முழுமை பெற்றது. பிரபஞ்ச இயக்கத்தின் குறியீடு என்று அந்த வடிவத்தைக் குறித்துப் பின்னால் எழுதப்பட்ட தத்துவ விளக்கங்கள் யாவும், வளைந்த ஒரு முழங்கால் மொத்தப் பாரத்தையும் ஏற்று அதைக் காட்டிக்கொள்ளாமல் நிற்கிறது என்ற பௌதிக உண்மையின்மேல் எழுந்தவை. பாரம் இல்லாத இடத்தில் இலேசுத்தன்மைக்கு மதிப்பில்லை. பொள்ளலாக வார்த்திருந்தால் அந்த ஆட்டத்தில் இத்தனை அமைதி வந்திருக்குமா என்பது ஐயமே.

சோழர்கள் அந்தப் பாரத்தை மறைத்துப் பேசவில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். 1010-இல் நிறைவெய்திய தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள், முதலாம் இராசராசனும் அவன் தேவியரும் அதிகாரிகளும் அளித்த 60-க்கும் மேற்பட்ட உலோகத் திருமேனிகளைப் பதிவுசெய்திருக்கின்றன. அவற்றில் திருமேனியின் பெயரோடு அது கனமாகச் செய்ததா, பொள்ளலாகச் செய்ததா, பாதத்திலிருந்து கேசம் வரை எத்தனை முழம் எத்தனை விரல் உயரம், எத்தனை கரங்கள், பீடமும் பிரபையும் எப்படிப்பட்டவை என்ற விவரங்கள் கணக்கனின் நுணுக்கத்தோடு பொறிக்கப்பட்டுள்ளன. இறைவனாக வணங்கப்படும் ஒன்றை இப்படி அளந்து எழுதுவது இன்றைய வாசகருக்கு முரணாகத் தோன்றலாம். அவர்களுக்கு அது முரணாகப்படவில்லை. உலோகத்தின் கனமும் தெய்வத்தின் சாந்நித்தியமும் ஒரே கல்வெட்டு வரியில் அடுத்தடுத்து நிற்கின்றன. பொருளைத் தாண்டினால்தான் அர்த்தம் என்ற எண்ணம் அந்த வரிகளில் எங்கும் இல்லை. அந்தத் திருமேனிகளுள் இன்று எஞ்சியிருப்பவை மிகச் சில.

திருவெண்காட்டிலிருந்து கிடைத்து, இப்போது தஞ்சை அரண்மனை வளாகத்திலுள்ள கலைக்கூடத்தில் இருக்கும் ரிஷபவாகன தேவர் இந்த விவாதத்தில் தனியிடம் பெறத்தக்கவர். 1011-ஆம் ஆண்டைச் சேர்ந்த இப்படிமத்தில் சிவன் இரண்டே கரங்களோடு, கால்களைக் குறுக்கே மாற்றி வைத்து, சடையைப் பாம்புகளோடு சேர்த்துத் தலைப்பாகைபோலச் சுற்றி, ஓர் இளைஞனின் ஒயிலோடு நிற்கிறார். அருகில் நின்ற காளையின்மேல் ஒரு கையைச் சாய்த்திருந்தார். அந்தக் காளை இன்று இல்லை. அடுத்த ஆண்டில் செய்யப்பட்ட தேவியின் படிமம் கிடைத்திருக்கிறது, காளை கிடைக்கவில்லை. எனினும் அந்தக் கூடத்தில் நிற்பவர்கள் காளையைப் பார்க்கிறார்கள் என்றே சொல்லவேண்டும். தாழ்ந்த தோள், தளர்ந்த மணிக்கட்டு, ஒரு பக்கம் ஒதுங்கிய இடை ஆகிய யாவும் கைக்கு அடியில் ஒரு முதுகு இருப்பதைச் சொல்கின்றன. அந்த முதுகின் உயரத்தைக்கூட ஏறத்தாழக் கணித்துவிடலாம். சாய்ந்திருக்கும் உடல் எப்படித் தன் பாரத்தைப் பிறிதொன்றிடம் விட்டுவிடும் என்பதை மெழுகில் அவ்வளவு உண்மையாக ஆராய்ந்திருக்கிறார் பெயர் தெரியாத அந்தச் சிற்பி. இலக்கணத்தை மட்டும் நிறைவேற்றிய படிமமாக இருந்திருந்தால் காளை போனபோதே கை அர்த்தமற்றுப் போயிருக்கும். இங்கே இல்லாததும் பங்குபெறுகிறது. மூலப்பொருள் சிந்தனையாக மாறுகிறது என்று சொல்வதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தமிழ்நாட்டில் வேறு இருப்பதாகத் தோன்றவில்லை.

இந்தப் படிமங்களைப் பார்க்கும் விதம் ஒன்றல்ல என்பது சிந்தனைக்குரிய மற்றொரு செய்தி. கருவறையிலுள்ள கல் மூலவரை அசைக்க முடியாததால், வீதியுலா வருவதற்காகச் செய்யப்பட்ட உற்சவமூர்த்திகள் இவை. பீடங்களில் இருக்கும் துளைகளும் வளையங்களும் தண்டு கோத்துத் தூக்குவதற்கானவை. கோயிலில் பட்டும் மாலையும் நகையும் உடலை மறைத்துவிடுவதால், சிற்பி இழைத்த இடையையும் மார்பின் ஏற்றத்தையும் பக்தர் பெரும்பாலும் காண்பதில்லை. காண்பது முகம், சில சமயம் பாதம். நூற்றாண்டுகளாகத் தொடரும் அபிடேகமும் துடைப்பும் மூக்கையும் உதட்டையும் தேய்த்து, சிற்பியின் கூர்மையை மழுங்கடித்துவிடுகின்றன. கலைநோக்கில் இது இழப்பு. வழிபாட்டு நோக்கில் அந்தத் தேய்வே கைகள் அணுகியதன் அடையாளம். தான் காட்ட விரும்பியது மறைக்கப்படும் என்று அறிந்தே அந்தச் சிற்பிகள் மறையும் பகுதியையும் குறைவின்றிச் செய்தார்கள் என்பது பெருமதிப்புக்குரியது.

துணியும் மாலையும் இன்றி உருவத்தை மட்டும் பார்க்கும் பார்வை அருங்காட்சியகத்தோடும் நிழற்படத்தோடும் வந்தது. பிரெஞ்சுச் சிற்பி ஒகுஸ்த் ரோடன் இந்தியாவுக்கு வராமலே, சென்னை அருங்காட்சியகத்தின் நடராசர் படிமங்களை நிழற்படங்களில் கண்டு 1913-இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் 1917-இல் மறைந்தபின், 1921-இல் அது அச்சேறியது. சைவ சித்தாந்தமோ ஐந்தொழில் விளக்கமோ அதில் இல்லை. ஒளியும் நிழலும் அந்த உடல்மீது நகரும் விதம்தான் அவரை ஈர்த்தது. களிமண்ணையும் மெழுகையும் வாழ்நாள் முழுவதும் பிசைந்த ஒரு கை, ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய இன்னொரு கையின் முடிவுகளை உலோகத்தின் ஊடே கண்டுகொண்டது என்றே அந்தக் கட்டுரையை வாசிக்கவேண்டும். ஆனந்த குமாரசுவாமியின் சிவ நடனம் பற்றிய கட்டுரை இதற்கு எதிர்த்திசையிலிருந்து வந்தது. யாழ்ப்பாணத் தமிழ் மரபில் வந்த தந்தைக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் பிறந்த அவர், 1918-இல் நூல்வடிவம் பெற்ற அக்கட்டுரையில், தமிழ்ச் சைவ நூல்களைத் துணைகொண்டு படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்ற ஐந்தொழிலையும் கரங்களிலும் பாதங்களிலும் படித்துக் காட்டினார். உலகம் நடராசரை அறிந்தது பெரிதும் அவர் வழியாகத்தான். எனினும் அவருடைய விளக்கம் எல்லா நடராசருக்கும் பொருந்துவது. நல்ல வார்ப்பையும் சாதாரண வார்ப்பையும் அது பிரித்துச் சொல்லாது. ரோடனின் பார்வை குறிப்பிட்ட ஒரு படிமத்தின்முன் நிற்கும் பார்வை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தால் போதும் என்பவர்கள் பாதியை இழக்கிறார்கள்.

இதே உலோகம் வேறு நோக்கத்தில் வேறு விதமாகப் பேசும். சென்னைக் கலைப்பள்ளியின் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை 1959-இல் மெரினாவில் நிறுவப்பட்டது. நான்கு மனிதர்கள் ஒரு பாறையைப் பெயர்க்க முயலும் அந்தக் காட்சியில் நரம்பும் தசையும் முறுக்கேறி, எடை என்பது வெளிப்படையான கருப்பொருளாகிறது. சோழச் சிற்பி எதை உடலுக்குள் ஒளித்தாரோ அதை ராய் சௌத்ரி மேலே கொண்டுவந்து வைத்தார். அவருக்கு அடுத்த தலைமுறையில், 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைச் சேர்ந்த பி.வி. ஜானகிராம், வார்ப்பையே விட்டுவிட்டுச் செப்புத் தகட்டை வெட்டி மடித்து, கம்பியால் அழகூட்டி, முன்பக்கம் மட்டுமே கொண்ட உருவங்களைச் செய்தார். கோயில்களில் கல் மூலவருக்குச் சாத்தும் உலோகக் கவசத்தின் நினைவு அவற்றில் உண்டு. கவசத்தை எடுத்துக்கொண்டு உள்ளிருக்கும் கல்லை நீக்கிவிட்டால் எஞ்சுவது என்ன என்று கேட்பதுபோல அந்தத் தகடுகள் நிற்கின்றன. நவீனச் சிற்பி மரபிலிருந்து வடிவத்தை எடுத்துக்கொள்வது எளிது, பொருள் நடந்துகொள்ளும் முறையை எடுத்துக்கொள்வது அரிது. ஜானகிராம் அரியதைச் செய்தார்.

சுவாமிமலையின் இன்றைய நிலைக்கு வந்தால், அங்கே கைத்திறன் குன்றவில்லை. படிமங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. கவலை வேறிடத்தில் இருக்கிறது. பழைய வார்ப்புகளில் நுணுக்கங்கள் பெரும்பாலும் மெழுகிலேயே முடிந்துவிட்டதால், அச்சிலிருந்து வெளிவந்தபின் சிறிது தேய்த்துத் துலக்கினால் போதுமாயிருந்தது. இப்போது பல பட்டறைகளில் மெழுகுரு சுமாராகத் திரட்டப்பட்டு, உலோகம் ஆறியபின் உளியாலும் அரத்தாலும் நகையும் ஆடையும் செதுக்கப்படுகின்றன. உளிவேலையும் உழைப்பு மிகுந்த திறமைதான். ஆனால் இறுகிய உலோகத்தில் போடும் கோடு உடலோடு சேர்ந்து வளராது. உடல்மேல் ஏற்றிய அலங்காரமாக நிற்கும். கோடுகள் பெருகப் பெருக, தோளும் இடையும் தம் பேச்சை இழக்கின்றன. இதற்குச் சிற்பிகளைக் குறைசொல்வது நியாயமன்று. விரைவையும், கண்ணைப் பறிக்கும் நகாசையும், மருந்து பூசி வரவழைக்கும் பழமைத் தோற்றத்தையும் கேட்டு விலைபேசுகிறவர்களுக்கு, மெழுகின் முன் அமர்ந்து யோசிக்கும் நாட்களுக்குக் கூலி கொடுக்கத் தோன்றுவதில்லை.

அந்த யோசனைக்குப் பயிற்சி தரக்கூடியவை பழைய திருமேனிகளே. அவற்றுள் பல போர்க்காலங்களில் மண்ணுக்கடியில் புதைக்கப்பட்டன. பல கடல் கடந்து விற்கப்பட்டன. தஞ்சை வட்டாரத்தின் பத்தூரில் 1976-இல் மண்ணிலிருந்து வெளிப்பட்டு இலண்டனுக்குக் கடத்தப்பட்ட நடராசருக்காக அங்கே நீண்ட வழக்கு நடந்தது. படிமத்தில் ஒட்டியிருந்த மண்ணும் அதன் உலோகமும் ஆராயப்பட்டு, இடிந்த கோயிலின் உரிமையை நீதிமன்றம் ஏற்று, 1991-இல் அது நாடு திரும்பியது. ஸ்ரீபுரந்தான் நடராசர் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்திலிருந்து 2014-இல் மீண்டது. இத்தகைய களவுகளுக்கு அஞ்சி, காவலில்லாத சிற்றூர்க் கோயில்களின் திருமேனிகள் ஆயிரக்கணக்கில் திருவாரூர் முதலிய இடங்களிலுள்ள உலோகத் திருமேனிகள் பாதுகாப்பு மையங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, பூட்டிய அறைகளில் அணிவகுத்து நிற்கின்றன. பாதுகாப்பு தேவை என்பதில் மறுப்பில்லை. ஆயினும் வீதிக்கு வருவதற்கென்றே வார்க்கப்பட்டவை யார் கண்ணிலும் படாமல் நிற்பது அவற்றைச் செய்த நோக்கத்துக்கு மாறானது. மாமல்லபுரம் சிற்பக் கல்லூரி மாணவர்களும் சுவாமிமலைப் பட்டறைகளில் தொழில் பழகுகிறவர்களும் காவலர் துணையோடு உள்ளே சென்று, திருமேனிகளை எல்லாப் பக்கமும் சுற்றிப் பார்த்து, ஒடியோலை வைத்து அளந்து, மெழுகில் படி எடுத்துப் பழகுவதற்கு ஆண்டில் சில வாரங்களையேனும் ஒதுக்க வேண்டும். திருமேனிகளுக்கு உரிய ஊர்மக்கள் தங்கள் உற்சவமூர்த்தியைத் திருவிழா நாட்களிலாவது காண வழிசெய்ய வேண்டும். இந்து சமய அறநிலையத் துறை நினைத்தால் இரண்டையும் செய்யலாம்.